மஃரிபுக்குப் பிந்திய நான்கு மணித்தியாலங்கள்

2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்குச் சற்று முன்னர் இலங்கை மின்சார சபை ஒரு வேண்டுகோள் விடுத்தது. கூரையில் சூரியத் தகடு பொருத்தியிருப்பவர்கள் ஏப்ரல் 13 முதல் 21 வரை, நாளாந்தம் பிற்பகல் 3 மணி வரை, தங்கள் உற்பத்தியைத் தாமாகவே நிறுத்தி வைக்க வேண்டும் என்றது அது. தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடிக் கிடக்கும் நாட்களில் நண்பகல் மின்சாரத்தைச் செலவழிக்க ஆளில்லை. மிஞ்சினால் வலையமைப்பே தடுமாறும். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 2022 மார்ச் இறுதியில், இதே சபைதான் ஒரே நாளில் 13 மணித்தியால மின்வெட்டை அறிவித்திருந்தது.

மின்சாரம் போதாத நாடு மூன்றே ஆண்டில் மின்சாரம் மிஞ்சிய நாடாகிவிட்டதா? இல்லை. பகலில் மிஞ்சுகிறது, மாலையில் போதாமல் போகிறது. எவ்வளவு மின்சாரம் என்ற கேள்வியோடு எந்த நேரத்து மின்சாரம் என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டுவிட்டது. மாலைப் பாவனையைப் பகலுக்கு நகர்த்தும் ஒவ்வொரு வீடும் நாட்டுக்குப் பணம் மிச்சம் பிடித்துக் கொடுக்கிறது. அந்த வீட்டுக்கு அதில் பங்கு உண்டா என்று கேட்டுப் பார்க்க அம்பாறை மாவட்டத்தின் கல்முனைக் கரையோரம் பொருத்தமான இடம்.

கிழக்குக் கரை என்பதால் இங்கே பொழுது கொழும்பைவிட எட்டு நிமிடமளவு முந்திச் சாய்கிறது. மருதமுனையிலிருந்து கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வரை, ஆண்டின் எந்த மாதமானாலும் மஃரிப் அதான் மாலை 6.30க்கு முன்னரே ஒலித்துவிடும். மின்சார சபையின் கணக்கில் உச்ச நேரம் தொடங்குவது சரியாக 6.30க்கு, முடிவது இரவு 10.30க்கு. மஃரிப் தொழுதுவிட்டு ஆட்கள் வீடு திரும்பும் வேளையில் ஊரே ஒன்றாகச் சுவிட்சைப் போடுகிறது. பிள்ளைகள் பாடப் புத்தகத்தோடு குந்த வெளிச்சம் வேண்டும். இராச் சாப்பாட்டுக்கு ரைஸ் குக்கர் ஏறும். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளை உடுப்பை அயன் பண்ண வேண்டும். கூரைத் தாங்கியில் தண்ணீர் முடிந்திருந்தால் மோட்டரையும் போட வேண்டும். கடைத்தெருவில் விளக்குகள், பள்ளிவாசலில் இஷாவுக்கான ஃபேன்கள், புழுக்கமான மாதங்களில் சில வீடுகளில் ஏ.சி. என்று இந்த நான்கு மணித்தியாலத்துக்குள் எல்லாமே வந்து விழுகின்றன.

இவற்றில் எது நகரக்கூடியது, எது நகராதது என்று பிரித்துப் பார்க்காமல் ‘மாலையில் சிக்கனம்’ என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. எல்.ஈ.டி. மின்குமிழ் ஒன்பது, பத்து வொட். மேசை ஃபேன் ஐம்பது, அறுபது வொட். இருட்டையும் புழுக்கத்தையும் பிற்பகலுக்கு நகர்த்த முடியாது. இந்த இரண்டையும் அணைக்கச் சொல்வதால் கிடைப்பதும் சொற்பம். அயன் பெட்டியோ 1,000 வொட். அது எரியும் நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட எல்.ஈ.டி. குமிழ்களுக்குச் சமம். ஒரு குதிரைவலுத் தண்ணீர் மோட்டர் 746 வொட். ரைஸ் குக்கர், வோஷிங் மெஷின், தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தல் எல்லாமே நூற்றுக்கணக்கில் வொட் கேட்பவை. இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு இரவு ஏழரை மணிதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நகர்த்தக்கூடிய இந்தச் சுமையை அளக்க அம்பாறை மாவட்டத்துக்குள்ளேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் அணைக்கட்டோடு இங்கினியாகலையில் கட்டப்பட்ட நீர்மின் நிலையத்தின் கொள்ளளவு சுமார் 11 மெகாவொட். ஒரு குதிரைவலு மோட்டர்கள் 15,000 ஒரே நேரத்தில் ஓடினால் அந்த நிலையம் முழு மூச்சில் தரும் மின்சாரம் அத்தனையும் போய்விடும். கல்முனை மாநகர எல்லைக்குள் மட்டும் சுமார் ஓர் இலட்சம் பேர் வாழ்கிறார்கள். நான்கு பேருக்கு ஒரு வீடு என்றாலும் 25,000 வீடுகள். எல்லா மோட்டரும் ஒரே நிமிடத்தில் ஓடப்போவதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் தாங்கி நிரப்புவது என்ற ஒரேயொரு வேலையை இரவிலிருந்து பகலுக்கு மாற்றுவது, பக்கத்தில் இருக்கும் மின்நிலையத்தின் அளவோடு ஒப்பிடத்தக்க விஷயம். இங்கினியாகலை நினைத்த நேரம் ஓடுவதும் இல்லை. சம்மாந்துறை வயலுக்கும் நிந்தவூர் வயலுக்கும் நீர் திறக்கும்போது அந்த நீரோடுதான் மின்சாரம் வரும். வீட்டு மோட்டருக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு இல்லை.

உச்ச நேரம் ஏன் இவ்வளவு செலவு பிடிக்கிறது? மின்சாரத்தைப் பேரளவில் சேமித்து வைக்க இந்த நாட்டில் இன்னும் வசதி போதாது. கேட்கும் கணத்தில் உற்பத்தி செய்தாக வேண்டும். நுரைச்சோலையின் 900 மெகாவொட் அனல்மின் நிலையம் நாள் முழுவதும் ஒரே சீராக ஓடும் வகை; மாலையில் திடீரென எகிறும் தேவையை அதனால் எட்டிப் பிடிக்க முடியாது. விக்டோரியா, கொத்மலை போன்ற நீர்மின் நிலையங்கள் அந்த வேலைக்கு ஏற்றவை. ஆனால் மழை பொய்த்த ஆண்டில் நீர்த்தேக்கம் கைவிரிக்கும். மிச்சத்துக்கு டீசலும் உலை எண்ணெயும் எரிய வேண்டும். நாட்டின் இரவு உச்சம் 2,500 மெகாவொட்டைத் தாண்டிப் பல ஆண்டுகளாகின்றன. அதன் உச்சிக் கொழுந்தைத் தாங்குவதற்காக மட்டுமே சில இயந்திரங்கள் ஆண்டு முழுவதும் காத்திருக்கின்றன. அவை ஓடாத நேரத்துக்கும் அவற்றின் கடனும் பராமரிப்பும் உண்டு. அந்தச் செலவு ஒவ்வொரு வீட்டுப் பட்டியலிலும் பிரிந்து ஏறுகிறது, மோட்டர் இல்லாத வீட்டின் பட்டியலிலும்.

பாவனை நேரத்தை மாற்ற இந்த நாடு செய்த மிகத் துணிச்சலான பரிசோதனையில் எவருக்கும் ஒரு சதமும் கொடுக்கப்படவில்லை. நேரத்தையே மாற்றினார்கள். 1996இல் கடும் வரட்சி. நீர்த்தேக்கங்கள் வற்றி, மின்வெட்டு நாளுக்கு எட்டு மணித்தியாலம் வரை போனது. அந்த ஆண்டு மே 25ஆம் திகதி நாட்டின் கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டன. கடிகாரம் ஏழு என்னும்போது வானத்தில் இன்னும் வெளிச்சம் இருக்கும். மனிதர்களோ கடிகாரம் பார்த்துப் படுக்கைக்குப் போவார்கள். ஆகவே விளக்கெரியும் நேரம் குறையும் என்பது கணக்கு. அக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு வந்தது. மிச்ச அரை மணித்தியாலத்தைத் திருப்பி எடுக்க 2006 ஏப்ரல் 15 வரை, ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் பிடித்தன.

கிழக்கில் அந்த மாற்றத்துக்குத் தனிச் சிக்கல் ஒன்று இருந்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் புதிய நேரத்தை ஏற்கவில்லை. ஒரு களப்பின் இரு கரைகளில் இரண்டு நேரம். கரையோர முஸ்லிம் ஊர்களிலோ மூன்றாவது ஒரு நேரம் எப்போதும் போல ஓடியது: சூரியனின் நேரம். ஆறேகால் அளவில் சொல்லப்பட்ட மஃரிப் அதான், மே மாத இறுதியில் ஏழேகால் என்று கடிகாரத்தில் காட்டியது. தொழுகை நகரவில்லை. அதைச் சுற்றிக் கட்டப்பட்ட சமையலும் ஓதலும் சாப்பாடும் நகரவில்லை. மேலிருந்து வந்த கட்டளை அலுவலகத்தையும் பாடசாலையையும் நகர்த்தியது. வீட்டின் மாலைப் பொழுதோ சூரியனோடும் பள்ளிவாசலோடும் கட்டுண்டு கிடந்தது. நேரம் மாற்றும் எந்தத் திட்டத்தையும் இந்த ஊர்களுக்குக் கொண்டு வருபவர்கள் முதலில் படிக்க வேண்டிய பாடம் இது. ஒவ்வோர் ஊருக்கும் நகராத மணிகள் சில உண்டு; அவற்றை விட்டுவிட்டு மற்றவற்றில்தான் பேரம் பேசலாம்.

பணத்தால் பேரம் பேசிய முதல் முயற்சி வீடுகளுக்கு 2015 செப்டம்பரில் வந்தது. விரும்பினால் சேரலாம் என்ற அடிப்படையில், நேரத்துக்கேற்ற கட்டணம் வீட்டுப் பாவனையாளருக்கும் திறக்கப்பட்டது. காலை 5.30 முதல் மாலை 6.30 வரை பகல், அலகு 25 ரூபாய். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்சம், 54 ரூபாய். இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரை 13 ரூபாய். மாத நிலைக்கட்டணம் 540. ஒரே அயன் பெட்டி ஒரு மணித்தியாலம் எரிந்தால் இரவு எட்டு மணிக்கு 54 ரூபாய், சுபஹுக்கு முன் 13 ரூபாய். ஒரு குதிரைவலு மோட்டரை நாளுக்கு ஒரு மணித்தியாலம் ஓட்டும் வீடு மாதத்துக்கு ஏறத்தாழ 22 அலகு செலவழிக்கும். உச்ச நேரத்தில் அது 1,200 ரூபாய், நள்ளிரவுக்குப் பின் 290 ரூபாய்.

கேட்க நன்றாக இருக்கிறது. யாருக்கு என்று பார்க்க வேண்டும்.

அந்த வாய்ப்பு மூன்று கட்ட இணைப்பு, அதாவது ஊர்ப் பேச்சில் த்ரீ ஃபேஸ், 30 அம்பியரும் அதற்கு மேலும் உள்ள வீடுகளுக்குத்தான். கல்முனைக் கரையோரத்தின் சாதாரண வீடு ஒற்றைக் கட்ட இணைப்பில் இருப்பது. அந்த வீட்டின் மீற்றர் மாதம் எத்தனை அலகு என்று சொல்லும். எந்த மணிக்கு என்று அதற்குத் தெரியாது. அந்தத் தடையை நீக்கியிருந்தாலும் சாதாரண வீடு சேர்ந்திருக்காது, சேரவும் கூடாது. 2014 செப்டம்பரிலிருந்து 2022 வரை நடைமுறையில் இருந்த படிமுறைக் கட்டணத்தில் மாதம் 90 அலகு பாவித்த வீட்டுக்கு, முதல் 60 அலகு 7.85 வீதம், அடுத்த 30 அலகு 10 ரூபாய் வீதம், நிலைக்கட்டணம் 90, ஆக மொத்தம் 861 ரூபாய். சராசரி அலகுக்குப் பத்து ரூபாயிலும் குறைவு. நேரக் கட்டணத்தின் மிக மலிவான நள்ளிரவு விலையே 13 ரூபாய்! அந்த வீடு இரவிரவாக விழித்திருந்து எல்லா வேலையையும் அதிகாலையில் முடித்தாலும் நட்டம்தான்.

மாதம் 300 அலகு செலவழிக்கும் வசதியான வீட்டின் கணக்கு வேறு. படிமுறையில் அதன் பட்டியல் ஏறத்தாழ 9,460 ரூபாய். உச்சத்தில் 90, பகலில் 120, இரவில் 90 அலகு என்று அது பாவிப்பதாக வைத்துக்கொண்டால் நேரக் கட்டணத்தில் 9,570. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் உச்சத்தின் 90இல் 40 அலகை இரவுக்கு நகர்த்திவிட்டால் 1,640 ரூபாய் குறையும். ஏ.சி.யும் மின்சார வாகனமும் உள்ள வீட்டுக்கு இது கையில் வரும் காசு. ஆக, உச்ச நேரத்தைத் தவிர்ப்பதற்கான வெகுமதி இலங்கையில் பத்தாண்டுகளாக இருக்கிறது. வாசல் மட்டும் பெரிய வீட்டின் உயரத்துக்குக் கட்டப்பட்டிருக்கிறது.

சின்ன வீடுகள் விலையைப் பார்த்து நடக்கத் தெரியாதவை என்று எவரும் நினைத்துவிடக் கூடாது. அதே படிமுறைக் கட்டணத்தில் 90இலிருந்து 91ஆவது அலகுக்குத் தாண்டியதும் அந்த ஓர் அலகின் விலை 27.75; நிலைக்கட்டணம் 90 ரூபாயிலிருந்து 480க்குப் பாயும். அந்த ஓரலகு வீட்டுக்கு வைத்த செலவு 417 ரூபாய் 75 சதம். மாதக் கடைசியில் மீற்றரை எட்டிப் பார்த்து, ‘இன்னும் எத்தனை யூனிட் கிடக்கு’ என்று கணக்குப் போடும் வழக்கம் வளர்ந்தது இதனால்தான். கண்ணுக்குத் தெரியும் ஓர் எல்லை, அதைத் தாண்டினால் உடனே வலிக்கும் விலை. இந்த இரண்டும் இருந்தால் மக்கள் தங்கள் பாவனையை நுணுக்கமாக ஆளத் தெரிந்தவர்கள். அலகின் எண்ணிக்கைக்குக் காட்டிய அந்தக் கவனத்தை அலகின் நேரத்துக்குக் காட்டும்படி அவர்களிடம் எவரும் கேட்டதில்லை. கேட்டால் பதிலுக்கு என்ன கொடுப்பதென்று சொன்னதும் இல்லை.

அதன் பின் வந்தவை அனைவரும் அறிந்தவை. 2022இல் வெளிநாட்டுச் செலாவணி தீர்ந்தது, எரிபொருள் இல்லை, ஊர்கள் எழுத்துக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டு முறை வைத்து இருண்டன. ஆகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதம். அதன் பின்னர் ஏறி இறங்கி, 2025 ஜனவரியில் 20 சதவீதம் குறைந்து, ஜூனில் 15 சதவீதம் கூடியது. ஒவ்வொரு மாற்றத்திலும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு விசாரணை நடத்தியது. விலை எவ்வளவு என்பதே விவாதமாக இருந்தது. விலை எப்போது என்பது ஒற்றைக் கட்ட வீடுகளின் பட்டியலுக்குள் நுழையவே இல்லை.

வேறு நாடுகள் கேட்டும் பார்த்தன, கொடுத்தும் பார்த்தன. 2001இன் மின் நெருக்கடியில் கலிபோர்னியா, முந்திய கோடையைவிட 20 சதவீதம் குறைவாகப் பாவித்த வீட்டுக்குப் பட்டியலில் 20 சதவீதம் கழித்துக் கொடுத்தது. அதே மாநிலம் 2022 செப்டம்பர் 6ஆம் திகதி மாலை, வரலாற்றிலேயே அதிகமாக 52,000 மெகாவொட்டைத் தேவை தாண்டிய நேரத்தில், கைப்பேசிகளுக்கு அவசரக் குறுஞ்செய்தி ஒன்றை அனுப்பியது. சில நிமிடங்களில் ஆயிரம் மெகாவொட்டுக்கு மேல் தேவை விழுந்தது, மின்வெட்டு தவிர்க்கப்பட்டது. அந்த மாலையில் மக்கள் கைம்மாறு எதையும் கேட்கவில்லை. ஆனால் மாதம் முப்பது நாளும் ஊரின் நல்லெண்ணத்தில் சாய்ந்து மின்சாரம் நடத்த முடியாது.

பிரித்தானியா அதே ஆண்டு நவம்பரில் இதை ஒரு முறையான சேவையாக்கியது. குறித்த ஒரு மாலையில், குறித்த மணிக்குள், வழமையைவிடக் குறைவாகப் பாவிக்கும் வீட்டுக்கு அதன் மின் நிறுவனம் மூலம் பணம். பரீட்சார்த்த அமர்வுகளுக்கு அலகொன்றுக்கு 3 பவுண் என்ற உத்தரவாத விலை வைக்கப்பட்டது. அந்தக் குளிர்காலத்தில் 22 அமர்வுகள் நடந்தன. 16 இலட்சம் வீடுகளும் நிறுவனங்களும் கலந்துகொண்டன. 3,300 மெகாவொட் மணித்தியாலம் அளவு பாவனை உச்சத்திலிருந்து விலகியது. மாலையில் சமையலை ஒரு மணித்தியாலம் தள்ளிப்போட்டவர்களுக்குச் சில பவுண்கள் கிடைத்தன. நாட்டுக்கோ, அனல்மின் நிலையம் ஒன்றைக் கூடுதலாக இயக்க வேண்டிய தேவை சில மாலைகளில் இல்லாமல் போனது.

அந்தத் திட்டத்துக்குள்ளும் நியாயக் குறை உண்டு. பெரிய பாவனை இருந்தவருக்கே குறைப்பதற்குப் பெரிதாக இருந்தது. ஏற்கெனவே இரண்டு விளக்கும் ஒரு ஃபேனுமாகச் சிக்கனமாக வாழ்பவர் எதைக் குறைப்பார்? குறைத்த அலகுக்குக் காசு என்ற விதி மட்டும் இருந்தால், வெகுமதி மீண்டும் ஏ.சி. வைத்த வீட்டுக்கே போய்ச் சேரும். கல்முனைக்கு ஒரு திட்டம் வருமானால், உச்ச நேரத்தில் ஒரு சிறு எல்லைக்குள் தொடர்ந்து நிற்கும் வீட்டுக்கும் கழிவு கிடைக்க வேண்டும். நாளுக்கு இன்னின்ன அலகுக்கு மேல் மாலையில் போகாத வீடு, அது நேற்று அதிகம் பாவித்ததா இல்லையா என்று பார்க்காமல், பரிசுக்கு உரியது.

அயலில் இந்தியா சட்டத்தின் வழியே போயிருக்கிறது. 2023 ஜூனில் திருத்தப்பட்ட நுகர்வோர் உரிமை விதிகள், சூரிய ஒளி உள்ள மணிகளில் வழமையை விட 10 முதல் 20 சதவீதம் வரை குறைந்த விலையும் உச்ச மணிகளில் அதே அளவு கூடிய விலையும் வைக்கச் சொல்கின்றன. பெரிய வணிக, தொழில் பாவனையாளருக்கு 2024 ஏப்ரல் முதல். விவசாயம் தவிர்ந்த மற்றவர்களுக்கு 2025 ஏப்ரல் முதல். வீட்டில் ஸ்மார்ட் மீற்றர் பொருத்தப்பட்டதும் அது நடைமுறைக்கு வரும். அந்த விதியில் கவனிக்க வேண்டியது மலிவான நேரம் என்று அது எதைச் சொல்கிறது என்பதை. நள்ளிரவை அல்ல, சூரியன் உச்சிக்கு வரும் பகலை.

இலங்கைக்கும் இனி அதுதான் பொருந்தும். 2015இல் வகுத்த மூன்று கூறுகள் அக்காலத்தின் மின்சாரத்துக்கு ஏற்றவை. நுரைச்சோலை இரவிரவாக ஓடும், நள்ளிரவில் வாங்க ஆளிருக்காது, ஆகவே நள்ளிரவு மலிவு. 2016 செப்டம்பரில் சூரிய பல சங்கிராமய என்ற கூரைச் சூரிய மின்சாரத் திட்டம் தொடங்கிய பின் அந்த மின்சாரம் பெருகி இன்று ஆயிரம் மெகாவொட்டைத் தாண்டிவிட்டது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொரு மணியளவில் நாடு முழுவதும் இருண்டது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று மோதியது என்று அமைச்சர் சொன்னது உலகச் செய்தியாகப் பரவியது. பொறியியலாளர்கள் பேசியது வேறு. விடுமுறை நாளில் தேவை தாழ்ந்து, சூரிய மின்சாரத்தின் பங்கு மேலோங்கி, சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைவாக இருந்த வலையமைப்பு ஒரு சிறு அதிர்ச்சியைக்கூடத் தாங்கவில்லை என்றார்கள். நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்று போனதால் அடுத்த நாட்களிலும் ஒன்றரை மணித்தியால மின்வெட்டு தொடர்ந்தது. அந்த ஞாயிறு முற்பகல் நாட்டின் மோட்டர்களும் வோஷிங் மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்திருந்தால் அது வலையமைப்புக்கு ஊன்றுகோலாக இருந்திருக்கும்.

பகலுக்கு நகர்த்துவது வீட்டுப் பெண்களுக்கும் நல்லது. இதை மின்கட்டண விவாதங்களில் எவரும் போதிய அளவு பேசுவதில்லை. இரவு 10.30க்குப் பின் மலிவு என்றால், உடுப்புத் துவைக்கவும் அயன் பண்ணவும் யாருடைய தூக்கம் போகும்? சுபஹுக்கு முன் எழுந்து சமையல் தொடங்கி, இரவு கடைசியாகப் படுப்பவருடைய தூக்கம். சில நூறு ரூபாய்க் கழிவுக்காக அவருடைய நாளை நள்ளிரவுக்கு அப்பாலும் நீட்டும் ஒரு திட்டத்தை வெகுமதி என்று அழைக்க மனம் வராது. முற்பகல் பத்துக்கும் பிற்பகல் மூன்றுக்கும் இடையில் மலிவு என்றால் நிலைமையே வேறு. பிள்ளைகள் பாடசாலையில், லுஹருக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் ஓய்ந்த நேரம், தாங்கியை நிரப்பலாம், துவைத்ததை வெயிலில் காயப்போடலாம், சீருடையை அன்றே அயன் பண்ணி மாட்டி வைக்கலாம். உச்ச நேரத்திலிருந்து விலகும் அலகும் வீட்டின் களைப்பும் ஒரே திசையில் குறையும்.

நோன்பு மாதத்தில் இந்த ஊர்களின் மின்சார நாள் தலைகீழாகத் திரும்புகிறது. சஹருக்கான சமையல் அதிகாலை மூன்றரை, நான்கு மணிக்கு; நாடு உறங்கும் நேரம் அது, நேரக் கட்டணத்தில் மிக மலிவான பகுதி. இஃப்தாருக்கான கஞ்சியும் பலகாரமும் அஸருக்குப் பின் அடுப்பேறி, 6.30க்கு முன் பரிமாறப்பட்டுவிடும். மீதி நாடு சமைக்கும் வேளையில் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் ஓரளவு சமைத்து முடித்திருக்கும். ஆனால் இஷாவும் தராவீஹும் உச்ச நேரத்தின் நடுவில். ஃபேன், விளக்கு, ஒலிபெருக்கி, சில பள்ளிவாசல்களில் ஏ.சி. அனைத்தும் அப்போதுதான் வேண்டும். அந்த மணியை நகர்த்தக் கேட்க எவருக்கும் உரிமை இல்லை, தேவையும் இல்லை.

வழி வேறு பக்கம் இருக்கிறது. இந்தியாவின் 17 மில்லியன் டொலர் நன்கொடையில் இலங்கையின் 5,000 மதத் தலங்களுக்குக் கூரைச் சூரிய மின்சாரம் பொருத்தும் திட்டம் 2025 ஏப்ரலில் தொடங்கி வைக்கப்பட்டது. பள்ளிவாசலில் லுஹரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவும் சூரியனின் உச்சத்தோடு பொருந்துகின்றன. தகட்டின் விளைச்சலை அவை நேரடியாகவே எடுத்துக்கொள்ளும். மற்ற நாட்களில் மிஞ்சுவதை மின்கலத்தில் சேமித்தால் இஷாவுக்கு உதவும், மிகுதியை வலையமைப்புக்கு விற்கலாம். மின்கலத்தோடு கூடிய கூரைத் தகட்டிலிருந்து உச்ச நேரத்தில் கொடுக்கும் மின்சாரத்துக்கு அலகொன்றுக்கு 45 ரூபாய்க்கு மேல் தரும் விலையொன்றை அரசு 2025இல் வகுத்தது. பகலில் கொடுப்பதற்குக் கிடைப்பதை விட அது மிக அதிகம். மாலை அலகின் உண்மையான பெறுமதியை நாடு தன் வாயாலேயே ஒத்துக்கொண்ட இடம் இது.

அந்த ஒப்புதலைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். மாலை எட்டு மணிக்கு ஓர் அலகை மின்கலத்திலிருந்து கொடுப்பதும் அதே மணிக்கு ஓர் அலகைப் பாவிக்காமல் விடுவதும் வலையமைப்புக்கு ஒன்றே. முதலாமவருக்கு 45 ரூபாய். இரண்டாமவருக்குத் தன் வழமையான அலகு விலை மிச்சம், அவ்வளவுதான். தகடும் மின்கலமும் வாங்கப் பல இலட்சம் வேண்டும். மோட்டரைப் பகலில் போட ஒன்றும் வேண்டாம். நாட்டுக்கு மிக மலிவாகக் கிடைக்கும் உதவிக்கு மிகக் குறைந்த மரியாதை.

இது நடக்காத காரியமல்ல என்பதற்கு இதே மாவட்டத்தின் அரிசி ஆலைகள் சாட்சி. 42 கே.வி.ஏ.க்கு மேல் ஒப்பந்தம் செய்த தொழில் பாவனையாளருக்கு நேரக் கட்டணம் நெடுங்காலமாகக் கட்டாயம். 2022 வரை நீடித்த பட்டியலில் பகல் அலகு 11 ரூபாய், உச்சம் 20.50, இரவு 6.85, அதோடு மாதத்தின் அதிகூடிய சுமைக்கு கே.வி.ஏ. ஒன்றுக்கு 1,100 ரூபாய். அந்த வகைக்குள் வரும் ஆலை முதலாளிக்கு எந்த மணிக்கு எந்த இயந்திரத்தை நிறுத்த வேண்டும் என்பது இலாப நட்டக் கணக்கின் ஒரு பகுதி. நேரத்தைப் பதியும் மீற்றர் ஆலைச் சுவரில் தொங்குகிறது. அதே வீதியின் வீடுகளுக்கு அது வரவில்லை.

எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் ஸ்மார்ட் மீற்றர் வராது, செலவு பெரிது. ஆனால் தொடங்குவதற்கு எல்லா வீடும் தேவையில்லை. சாய்ந்தமருதிலோ மருதமுனையிலோ ஒரு மின்மாற்றியைத் தெரிந்தெடுக்கலாம். அதன் கீழ் வரும் நூறு, இருநூறு ஒற்றைக் கட்ட வீடுகளுக்கு மட்டும் நேரம் பதியும் மீற்றர். மின்மாற்றியில் ஒரு மீற்றர். படிமுறைக் கட்டணம் அப்படியே இருக்கட்டும், எவருக்கும் அபராதம் வேண்டாம். மாலை 6.30 முதல் 10.30 வரை எல்லைக்குள் நின்ற வீட்டுக்கு மாதப் பட்டியலில் ஒரு கழிவு; மோட்டரும் துவைப்பும் பகல் பத்துக்கும் மூன்றுக்கும் இடையில் நடந்திருந்தால் இன்னொரு கழிவு. நோன்பு மாதத்தைத் தனியாக அளக்க வேண்டும். தராவீஹ் நேரத்தில் ஆட்கள் பள்ளியில் இருக்கும்போது வீடுகளின் பாவனை எவ்வளவு இறங்குகிறது என்பதும் அதில் தெரியவரும். விளக்கக் கூட்டத்துக்குப் பெண்களை அழைக்க வேண்டும், சுவிட்ச் அவர்கள் கையில் இருப்பதால். ஓராண்டு முடிவில் அந்த மின்மாற்றியின் மாலைச் சுமை எவ்வளவு இறங்கியது, வரிசைக் கடைசி வீட்டில் வோல்டேஜ் எவ்வளவு சீரானது, கொடுத்த கழிவு எரிக்காமல் விட்ட டீசலின் விலையைவிடக் கூடியதா குறைந்ததா என்ற மூன்று கணக்கையும் பொதுவில் வைத்தால், பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் அடுத்த கட்டண விசாரணையில் கரையோர வீடுகளும் தங்கள் எண்களோடு போய்ப் பேசலாம்.